பிளாட்டினம் கதிரையில் சம்பந்தி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுத்தாளன் இல்லை. கரவெட்டியில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைக்கிற சின்ன மில் வைத்திருப்பவன். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னுடைய கட்டுரைகளுக்குக் கீழே வாத்தியார் எப்போதும் "இன்னும் எழுதலாம்" என்று போடுவார். நாலு வரி எழுதினவனுக்கு வேறு என்ன போடுவது? ஊர்க் கூட்டத்தில் எழும்பி நன்றி சொல்லவே கூச்சப்படுகிற நான் இன்று பேனை தூக்கியதற்குக் காரணம் கோபம். இசை நிகழ்ச்சி ரிக்கற்றின் விலை மீது எனக்கு வந்த கோபம் ஒரு வருடமாகியும் ஆறவில்லை. மில் ஓடுகிற சத்தத்துக்குள் நின்று தனியாகத் திட்டிப் பார்த்தேன். போதவில்லை.

எங்கள் பக்கத்தில் பாட்டுக் கச்சேரி என்றால் கோயில் திருவிழாதான். வீட்டிலிருந்து ஒரு பாயோ சாக்கோ கொண்டுபோய் விரித்தால் அதுதான் இருக்கை. முந்திப் போனவன் முன்னால், பிந்திப் போனவன் பின்னால். (பிந்தி வந்து முன்னால் போய்க் குந்துபவனை எல்லாரும் திட்டுவார்கள். அந்தத் திட்டும் இலவசம்.)

இப்போது மைதானத்தைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். உள்ளே நிலத்தைக் கயிறு கட்டித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உலோகத்தின் பெயர் வைக்கிறார்கள். முன்னால் பிளாட்டினம், நடுவில் கோல்ட், கடைசியில் சில்வர். இது கச்சேரியா, நகைக்கடையா? கதிரை என்னவோ எல்லாத் துண்டிலும் ஒன்றுதான். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் வாடகைக்கு வருகிற அதே பிளாஸ்ரிக் கதிரை. ஒரு கால் மண்ணில் புதைந்தால் மற்ற மூன்றும் ஆடும்.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. என் மனைவி ரஞ்சினிதான் ஒரு நாள் கையில் போனோடு மில்லுக்குள் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உவர் யாழ்ப்பாணத்துக்கு வாறாராம்."

எங்கள் வீட்டில் 'உவர்' என்றால் அந்தப் பாடகர். இந்தியாவில் இருக்கிறார். ரஞ்சினி பள்ளிக்கூடம் போன யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அவளுடைய அண்ணன் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற கரண்டில் றேடியோ பாடும். அண்ணனுக்குக் கை நொந்தால் பாட்டு நின்றுவிடும். அந்தப் பாடகரின் பாட்டுகளில் அரைவாசியை அவள் அரைவாசியாகவே கேட்டவள். அந்தக் காலத்தில் பாட்டின் விலை கை நோவு மட்டும்தான்.

"வந்தால் வரட்டும்" என்றேன்.

"முன்னுக்கு இருந்து பாக்கவேணும்."

"முன்னுக்கு எண்டால் எவ்வளவாம்?"

"இருபத்தைஞ்சு."

"இருபத்தைஞ்சு ரூபாயோ?" (உண்மையாகவே கேட்டேன்.)

"ஆயிரம்."

"ரெண்டு பேருக்கோ?"

"ஒராளுக்கு."

நான் மில்லை நிறுத்தினேன். "இருபத்தையாயிரமோ? அவர் என்ன, எங்கடை வீட்டை வந்து பாடுவாரோ? பாடிப்போட்டு இருந்து மாவும் அரிச்சுத் தருவாரோ?"

"இருபத்தாறு வருசமாய் உங்களோடை இருக்கிறன். ஒரு நாளெண்டாலும் என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போனனீங்களோ?"

"ஏன், போன மாசம் பருத்தித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

"ஆசுபத்திரிக்கு!"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். அவள் போய் அரிசி கழுவினாள். அந்த அரிசி கழுவிய சத்தம் என்னை மூன்று நாள் நித்திரை கொள்ள விடவில்லை. நாலாம் நாள் பருத்தித்துறையில் ரிக்கற் விற்கிற போன் கடையில் போய் நின்றேன்.

"அண்ணை, உது பிளாட்டினம்" என்றார் கடைக்காரர். "பாடகற்றை வேர்வை தெறிக்கிற தூரம்."

வேர்வைக்கும் சேர்த்துத்தானோ இந்த விலை என்று கேட்க வாயெடுத்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை. இரண்டு ரிக்கற்றை வாங்கிக் களவெடுத்தவன் மாதிரிச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முதல் ஞாயிறுதான் எங்கள் மகள் தர்சிகாவின் கலியாணம் பற்றிக் கதைக்கக் கொழும்புத்துறைக்குப் போய்வந்திருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் பேரம்பலத்தார் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்து இளைப்பாறியவர். அவருக்குக் குளிரூட்டிய மண்டபம் வேண்டும். மண்டபச் செலவு பெண்வீட்டுப் பக்கம், அதாவது என் பக்கம்.

"இப்ப தொழில் சரியான படுப்பு அண்ணை" என்று சொல்லியிருந்தேன். "கரண்ட் பில்லே கட்டேலாமல் கிடக்கு. சின்ன மண்டபம் ஒண்டு போதும்." அழாத குறை. பேரம்பலத்தாரும் மனமிரங்கி, "சரி, யோசிப்பம்" என்றிருந்தார்.

நிகழ்ச்சி நாளும் ஒரு ஞாயிறுதான். ரஞ்சினி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தக் காசு வாங்கினார்கள். வாசலில் எங்கள் தண்ணீர்ப் போத்தலைப் பறித்து ஊற்றினார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர், நல்ல தண்ணீர். உள்ளே போனால் அதே அளவு போத்தல் வெளிக்கடையை விட மூன்று மடங்கு விலை. நான் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் இரண்டாவது வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, ரஞ்சினி சேலைத் தலைப்பை மடியில் மடித்து வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தாள். "இதிலையிருந்து அவரின்ரை சப்பாத்தும் தெரியும் என்ன?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோது விலையைக்கூட ஒரு நிமிடம் மறந்தேன். (ஒரு நிமிடம்தான்.)

அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குரல்.

"ஓ! நீங்களோ உதிலை இருக்கிறது?"

பேரம்பலத்தார். பக்கத்தில் அவருடைய மனைவி சரோஜா அக்கா. இருவர் கையிலும் சில்வர் ரிக்கற்.

எனக்குக் கரண்ட் பில் ஞாபகம் வந்தது. யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது: "சும்மா கிடைச்சது அண்ணை. மிளகாய் தாற கொம்பனி குடுத்தது."

(எனக்கு மிளகாய் தருவது ஒரு கொம்பனியும் இல்லை. தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிற ஒரு தனி மனிதர். இத்தனை வருடத்தில் ஒரு கலண்டர்கூடத் தந்ததில்லை.)

"நல்ல கொம்பனி" என்றார் பேரம்பலத்தார். "நாங்கள் உங்கை கடைசியிலை. லைற்றுக் கம்பத்துக்குப் பின்னாலை போலை கிடக்கு."

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்போம். அவர் "இல்லை இல்லை, இப்பதான் சாப்பிட்டனான்" என்பார். இப்படி மூன்று தரம். மூன்றாம் தரமும் மறுத்தால் தேத்தண்ணியோடு விடலாம். முதல் தரத்திலேயே "சரி, போடுங்கோ" என்று கோப்பைக்கு முன்னால் குந்துபவனை நான் இந்த வயதுக்கு யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கம்பத்துக்குப் பின்னால் இருக்க, நாங்கள் முன்னால் இருப்பது மரியாதை இல்லை. அதனால் மரியாதைக்கு ஒரு சொல் சொல்லிவைத்தேன்.

"அப்ப நீங்கள் இதிலை இருங்கோவன் அண்ணை. நாங்கள் பின்னுக்குப் போறம்."

"அப்பிடியே? சரி."

ஒரு தரம்! நான் சொன்னது ஒரே ஒரு தரம்! மற்ற இரண்டு தரமும் என் தொண்டைக்குள்ளேயே நின்றன.

"என்னப்பா இது, அவை பாவம்" என்றார் சரோஜா அக்கா.

"சும்மா கிடைச்சதுதானே" என்றார் பேரம்பலத்தார், கயிற்றைத் தூக்கியபடி.

ரஞ்சினி எழும்பினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் இதுவரை அரைத்த மிளகாய் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. ரிக்கற்றுகள் கைமாறின.

சில்வரில், சொன்னபடியே, எங்களுக்கு முன்னால் ஒரு லைற்றுக் கம்பம். மேடையில் என்ன நடக்கிறது என்று அறிய வலது பக்கம் இருந்த பெரிய திரையைத்தான் பார்க்கவேண்டும்.

"திரையிலை வடிவாய்த் தெரியுது என்ன?" என்று மெல்லச் சொன்னேன்.

"ஓம். வீட்டிலை ரீவியிலை இதைவிட வடிவாய்த் தெரியும்."

அதன் பிறகு பேச்சுகள் தொடங்கின. கேளுங்கள், நாங்கள் காசு கொடுத்தது பாட்டுக்கு. ஆனால் ஒழுங்கு செய்தவர் பேசினார், அவருக்குக் காசு கொடுத்தவர் பேசினார், காசு கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் பேசினார். ஒன்றேகால் மணித்தியாலம். கோயிலில் இப்படிப் பேசினால் பின்னாலிருந்து கை தட்டி இறக்கிவிடுவார்கள். இங்கே எல்லாரும் காசு கொடுத்துவிட்டதால் பேசாமல் இருந்தார்கள்.

கடைசியாகப் பாடகர் வந்தார். "வணக்கம் யாழ்ப்பாணம்!" என்றார். முதல் பாட்டு ஏதோ புதுப்பாட்டு. இரண்டாவது பாட்டின் இசை தொடங்கியதும் ரஞ்சினி என் கையைப் பிடித்தாள். (கோபத்தை மறந்து பிடித்துவிட்டாள்.) டைனமோ காலத்துப் பாட்டு. அவர் இரண்டு வரி பாடினார். பிறகு மைக்கைச் சனத்துக்கு முன்னால் நீட்டினார்.

"நீங்க பாடுங்க!"

இதை என்னென்று சொல்வது? மில்லுக்கு மிளகாய் கொண்டுவந்தவரிடம் கூலியையும் வாங்கிக்கொண்டு, "நீங்களே அரையுங்கோ" என்று நான் சொன்னால் ஊர் என்னை விடுமா? எல்லாரும் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாய் நிறையக் கச்சானோடு பாடினார். திரையில் முன்வரிசைச் சனத்தைக் காட்டினார்கள். ஒரு பெண் கண்ணீரோடு பாடினாள். ஒருவர் கையை உயர்த்தி ஆட்டினார். அடுத்த முகம் பேரம்பலத்தார்.

மேடை உயரத்துக்குப் பேரம்பலத்தார். தலை பின்னால் சரிந்து, வாய் திறந்து, நல்ல நித்திரை.

மைதானமே சிரித்தது. கமராக்காரருக்கும் பிடித்துப்போயிற்று, படத்தை மாற்றவில்லை. ரஞ்சினி என் கையை விட்டாள். எழும்பினாள். நடந்தாள்.

கோல்ட் தாண்டி, பிளாட்டினம் கயிற்றடியில் தொண்டர் ஒருவர் மறித்தார். நான் பின்னாலேயே ஓடிப்போய் நின்றதால் அவள் சொன்னது காதில் கேட்டது.

"உதிலை நித்திரை கொள்ளுறவர் என்ரை சம்பந்தி. எழுப்பவேணும், விடுங்கோ."

தொண்டர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கினார். நான் கூச்சத்தில் அதற்கு மேல் போகவில்லை. திரும்பிக் கம்பத்தடிக்குப் போய்விட்டேன். மிச்சத்தைத் திரையில்தான் பார்த்தேன். ஒரு வளையல் கை வந்தது. பேரம்பலத்தாரின் தோளைத் தட்டியது. அவர் திடுக்கிட்டு எழும்பினார். சனம் கை தட்டியது. அந்தக் கதிரையில், திரை முழுவதும், என் மனைவி இருந்தாள்.

சற்று நேரத்தில் பேரம்பலத்தார் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உங்கடை மனிசி சொன்னவ" என்றார். "'அண்ணை, உது சும்மா கிடைச்ச கதிரை இல்லை, இருபத்தையாயிரம். நித்திரை கொள்ளுறதெண்டால் பின்னுக்குப் போய்க் கொள்ளுங்கோ' எண்டு."

நான் கம்பத்தைப் பார்த்தேன்.

"ஒராளுக்கோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப மிளகாய்க் கொம்பனி?"

"இல்லை அண்ணை."

"கரண்ட் பில்?"

"கட்டியாச்சு அண்ணை."

இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்று நினைத்தேன். தர்சிகாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. பேரம்பலத்தார் கம்பத்தைத் தாண்டி மேடையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "இருபத்தையாயிரம்" என்று தனக்குத்தானே சொன்னார். "நான் இந்த மூவாயிரத்துக்கே நெஞ்சு நொந்துபோய் வந்தனான். மனிசியின்ரை ஆக்கினை. எனக்கு உவற்றை பாட்டுக் கேட்டால் நித்திரைதான் வரும்."

"தண்ணிப் போத்தலின்ரை விலை பாத்தியளோ?"

"பகல் கொள்ளை! சங்கக் கடையிலை இப்பிடி வித்திருந்தால் என்னை உள்ளுக்கை போட்டிருப்பாங்கள்."

மிச்ச நிகழ்ச்சி முழுவதும் நாங்கள் இருவரும் பாட்டே கேட்கவில்லை. விலைவாசியைத் திட்டினோம். பக்கத்திலிருந்து கச்சான் சாப்பிட்டவர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார். முன்னால் ரஞ்சினியும் சரோஜா அக்காவும் தோளோடு தோள் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "இப்ப சொல்லு, குடுத்த காசுக்குப் பெறுமதியோ?"

"என்ரை ரிக்கற் பெறுமதி" என்றாள் பின்னாலிருந்து. "உங்கடை ரிக்கற்றிலை சரோஜா அக்காவெல்லோ பாத்தவ. அவவைக் கேளுங்கோ."

என்னைக் கேட்டால் பெறுமதி இல்லை. இன்றைக்கும் அதையே சொல்வேன். ஒரு குரலுக்கு நாங்கள் அவ்வளவு காசு கொடுக்கவில்லை, கயிற்றுக்குக் கொடுத்தோம். யார் யாருக்கு முன்னால் இருப்பது என்ற கயிறு. அது இல்லாவிட்டால் நாலு பேரும் ஒரே பாயில் இருந்திருப்போம், எனக்குப் பொய் சொல்லவேண்டியும் வந்திராது. (உண்மை சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை என்று ரஞ்சினி சொல்கிறாள். அது கூச்சம் இல்லாதவர்களுக்கு.)

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்காவது கதிரை கொடுத்தால் அவர் இருக்க முதலே ஒரு கேள்வி வரும்: "உது வாங்கின கதிரையோ, சும்மா கிடைச்ச கதிரையோ?" கேட்பது பெரும்பாலும் மருமகன். பேரம்பலத்தாரை ஒரு தரம் "இருங்கோ" என்றால் இப்போது அவர் இருப்பதில்லை. மூன்று தரம் சொல்லும்வரை நிற்கிறார்.

நிகழ்ச்சிக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு மில்லைத் திறந்தேன். எட்டரைக்குப் பேரம்பலத்தார் தொலைபேசி எடுத்து, குளிரூட்டிய மண்டபத்தில் தை மாதம் ஒரு நாள் மிச்சம் இருக்கிறதாம் என்றார். கரண்ட் பில்லை இழுக்காமல் பின்னேரம் போய்ப் பதிவுசெய்தேன்.