பூட்டுக்காரி முத்தழகிக்கு வாய்க்கரிசி போட ஆள் தேவை

ஆற்றுக்குக் கரை இரண்டு, ஆகவே உலகத்தில் எல்லாமே இரண்டுதான் என்று உறுதியாக நம்பிய நாடு ஒன்று இருந்தது. இருகரை நாடு என்று பெயர். வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கிடைக்காது. அங்கே மன்னர் மாறமாட்டார். அமைச்சர்களுக்கு மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. ஆகவே அமைச்சர்கள் நாலரை ஆண்டு மன்னரையும் ஆறு மாதம் மக்களையும் மனமார நேசித்து வந்தார்கள்.

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஈ காக்கை தெருவில் இருக்காது. அத்தனை பேரும் ஆற்றங்கரை மைதானத்தில் நாடகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நாடகம், பதினோரு வருஷமாக, வாரா வாரம் தொடர்ந்தது. எழுதியவர் பூமயில் என்ற அம்மாள். கதாநாயகி, ஊர் ஊராகப் போய்ப் பூட்டு ரிப்பேர் செய்யும் முத்தழகி. அந்த வேடத்தில் செண்பகவல்லி நடித்தாள். மக்கள் அவளுடைய சொந்தப் பெயரை எப்போதோ மறந்துவிட்டிருந்தார்கள்.

நாடகத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நாட்டின் மூலச்சட்டத்திலேயே மூன்றாம் பிரிவாக அது ஏறியிருந்தது. மேடையில் ஒரு பாத்திரம் செத்தால், கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து வந்து, 'நான் சித்தப்பா முறை', 'நான் மச்சான் முறை' என்று உறவு சொல்லி வாய்க்கரிசி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மத்தளக்காரர் உத்தண்டி சாவு அடி அடிப்பார். அப்போதுதான் அந்தப் பாத்திரம் செத்ததாகக் கணக்கு. உறவு சொன்னவர் பெயர் அந்தப் பாத்திரத்தின் குடும்பப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது. நாலு பேரைக் கொன்ற வில்லன் செத்த அன்றைக்கே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஜனங்கள்.

முத்தழகி முதலில் குயவன் கருமேகத்தை விரும்பினாள். அவன் ஆற்றோடு போனான், இவள் இரண்டு வருஷம் அழுதாள். பிறகு பாட்டு வாத்தியார் சிவகாமியை விரும்பினாள். சிவகாமி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது செக்கு ஓட்டும் அஞ்சுகம் என்ற திருநங்கை மேல் மனசு போயிருந்தது. 'நீ யாரைத்தான்டி விரும்புவ?' என்று மேடையில் ஒருத்தி கேட்டபோது முத்தழகி சொன்னாள்: "ஆளைப் பாத்துத்தான் மனசு போவுது. ஆம்பளையா பொம்பளையான்னு சீட்டுப் பாத்துட்டா போவும்?"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஒருவன் மட்டும் தட்டவில்லை. வகைப்பாட்டு அமைச்சகத்தில் எழுத்தராக இருந்த தணிகாசலம். குடை பழுதுபார்க்கும் வேலப்பனை அவன் ஒரு காலத்தில் உயிராக நேசித்தான். இப்போது மைதானத்து ஓரத்தில் மோர்க்கடை வைத்திருக்கும் மரகதத்தை அதே உயிரோடு நேசித்தான். இரண்டும் பொய்யில்லை. தன்னைப்போல ஒரு ஜென்மம் உலகத்தில் இல்லை என்று முப்பத்துநாலு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு மேடையில் ஒருத்தியைப் பார்த்துவிட்டான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதான்.

தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும்போது வகைப்பாட்டு அமைச்சர் குலோத்துங்க பூபதிக்கு ஒரு ஞானம் பிறந்தது. நாடகப் பாத்திரங்கள் எல்லாம் ரிப்பன் அணிய வேண்டும். ஆணை நாடுவோர் மஞ்சள், பெண்ணை நாடுவோர் நீலம். இதுதான் முதல் ஆணை. ரிப்பனுக்கான விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் போட்டிருந்தது. பூமயில் முத்தழகிக்கு இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'ஆளைப் பார்த்து' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கிறீரே அம்மா!" என்றார் அமைச்சர்.

"உள்ள எடம் பத்தலைங்க."

"மஞ்சளா, நீலமா? அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும்."

"அவளுக்கே அது வேண்டியிருக்கல. அரசாங்கத்துக்கு எதுக்குங்க?"

"முடிவெடுக்கத் தெரியாதவள் என்று குறித்துக்கொள்ளலாமா?"

"ஐயா, மூணு வாட்டியும் முடிவெடுத்துத்தான் விரும்பினா. ஒருத்தர் இருக்கையில இன்னொருத்தரத் திரும்பிக்கூடப் பாக்கல. உங்க கட்சியில அப்படி எத்தன பேர் இருக்காங்க?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதா வேண்டாமா என்று தணிகாசலம் கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தான். எழுதிவிட்டான்.

உடனே புலவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது மூன்று மாதம் முந்திரிப்பருப்பு தின்று ஓர் அறிக்கை கொடுத்தது. 'ஆணா, பெண்ணா, வேறா என்று பாராமல் ஆளைப் பார்த்து நேசிப்போரை அயல்நாடுகளில் பான்செக்சுவல் என்கிறார்கள். அயல்நாட்டுக் கதைகளில் இவர்கள் பெரும்பாலும் வில்லியாக வருகிறார்கள், அல்லது இரண்டு வாரம் வந்துபோகும் விருந்தாளியாக வருகிறார்கள், அல்லது பிணமாக வருகிறார்கள். கதாநாயகியாக வருவது அபூர்வம்.'

"பார்த்தீர்களா! பெயர் அயல்நாட்டுப் பெயர். ஆகவே ஆளும் அயல்நாட்டு ஆள்" என்று அமைச்சர் மைக்கில் முழங்கினார். மைக் என்ற பெயர் எந்தக் கிராமத்திலிருந்து வந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டாவது ஆணை மக்களுக்கு. பாத்திரம் ரிப்பன் கட்ட மறுத்தால் பார்ப்பவர்களும் கெட்டுப்போவார்கள் என்பதால், ஆடிப்பெருக்குக்குள் எல்லோரும் ரிப்பன் கட்ட வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். சந்தேகத்துக்கு இடமான நெருக்கமும் தடை செய்யப்பட்டது. தோளில் கைபோட்டு நடந்த கூட்டாளிகள் விலகி நடந்தார்கள். ஒரே உலக்கையை மாற்றி மாற்றிக் குத்திய பெண்கள் தனித்தனியே குத்தி முதுகு ஒடிந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மூட்டைகள் படித்துறையில் கிடந்து நனைந்தன.

தணிகாசலத்தின் விண்ணப்பம் சட்டைப்பையிலேயே மடிந்து கிடந்தது. மரகதம் மோர் ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் ரிப்பன் வாங்கலையா நீ?"

"வாங்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீலந்தானே? என்னையத்தானே கட்டிக்கப் போற?"

"உன்னையத்தான்."

"பெறவென்ன?"

நீலம் கட்டினால் மரகதம் உண்மை, வேலப்பன் பொய். வேலப்பனோடு இருந்த நாலு வருஷத்தை இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. சொன்னால் இவள் போய்விடுவாளோ என்று பயந்தான். மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மூன்றாவது ஆணை, முத்தழகியைத் திருடியாக மாற்ற வேண்டும் என்பது. "பூட்டு திறக்கத் தெரிந்தவள்தானே, இயல்பாகப் பொருந்தும்" என்றார் அமைச்சர், தாமே கதை எழுதிவிட்ட பூரிப்போடு. பூமயில் எழுத மாட்டேன் என்றார். அரசாங்கமே ஆள் வைத்து எழுதி அந்த வெள்ளிக்கிழமை அரங்கேற்றியது. நாடகத்தில் திருடி என்று ஆனபிறகு நாட்டில் சும்மா விட முடியுமா? பூட்டுக்காரர்கள் அத்தனை பேரின் உரிமமும் மறுநாள் ரத்தாயிற்று. அடுத்த வாரம் அரசாங்க நெற்களஞ்சியத்தின் பெரிய பூட்டு இறுகிக்கொண்டது. திறக்க ஆள் இல்லை. சட்டப்படி உடைக்கவும் கூடாது. மூன்று வாரம் நாட்டில் யார் வீட்டிலும் அரிசி வேகவில்லை. ஜனங்கள் கிழங்கைத் தின்று வயிற்றைக் கழுவினார்கள்.

அரிசித் தட்டுப்பாட்டுக்கு யார் காரணம் என்று மன்னர் கேட்டார். முத்தழகிதான் என்று அமைச்சர் அறிக்கை சமர்ப்பித்தார். ஒரு விதத்தில் அது வாஸ்தவம் என்று மன்னரும் ஒத்துக்கொண்டார். நான்காவது ஆணை பிறந்தது: வரும் வெள்ளிக்கிழமை முத்தழகி சாக வேண்டும். மாட்டேன் என்றால் நாடகமே கூடாது.

ஆணையை அழகான கையெழுத்தில் படியெடுத்தவன் தணிகாசலம். அதைப் பூமயிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனே. கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"சாகடிச்சிருவீங்களாக்கா?" என்றான்.

பூமயில் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் படுக்கத்தான் வைப்பேன் தம்பி. சாகடிக்கிறது ஊரு. சட்டம் படிக்கலையா நீ?"

வெள்ளிக்கிழமை வந்தது. மன்னர் வந்தார். அமைச்சர் பட்டு அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். முத்தழகி மேடையில் பாம்பு கடித்து விழுந்தாள். கையிலிருந்த சாவிக்கொத்து சிதறியது. உத்தண்டி மத்தளத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வழக்கம்போல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "உறவு உண்டா?"

யாரும் எழவில்லை.

கால்மணி நேரம் போயிற்று. செண்பகவல்லியின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் அசையவில்லை. அரை மணி போயிற்று. அமைச்சர் தம் வீட்டிலிருந்து வெள்ளித்தட்டில் அரிசி வரவழைத்தார். மூன்று வாரமாக அரிசியைக் கண்ணால் காணாத கூட்டம், அமைச்சர் வீட்டில் மட்டும் அரிசி இருக்கும் அதிசயத்தைப் பார்த்தது.

அமைச்சர் ஒரு காவலரைக் கூப்பிட்டார். "போய்ப் போடும்."

"ஐயா, முறை சொல்லணுமுங்களே. நான் முறை சொன்னா என் பேரு அவ குடும்பத்துல ஏறிரும். எனக்கு அவளைச் சாகடிக்கிறதுக்காக உறவாக இஷ்டமில்லீங்க."

"அப்படியானால் நானே போடுகிறேன்!" என்று அமைச்சர் எழுந்தார். பக்கத்திலிருந்த சட்ட ஆலோசகர் காதைக் கடித்தார்: "தாங்கள் போட்டால் தாங்கள் அவளுக்கு உறவினர். தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது." அமைச்சர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

மன்னர் கொட்டாவி விட்டார். "உம் அமைச்சகத்தில் ஆளே இல்லையா?"

அமைச்சரின் கண் தணிகாசலத்தின் மேல் விழுந்தது. தட்டு அவன் கைக்கு வந்தது. அவன் மேடை ஏறினான். ஆயிரக்கணக்கான கண்கள் அவன் முதுகில் இருந்தன. ஓரத்தில் மோர்ப்பானைக்குப் பின்னால் மரகதம் எழுந்து நிற்பதும் தெரிந்தது.

"என்ன முறை?" என்று கேட்டார் உத்தண்டி.

தணிகாசலம் கீழே கிடந்தவளைப் பார்த்தான். இவளும் போய்விட்டால் மறுபடியும் தான் ஒற்றை ஆள் என்று நினைத்தான்.

"தம்பி முறை" என்றான். "நானும் அக்கா மாதிரிதாங்க. எனக்கும் ஆளைப் பாத்துத்தான் மனசு போவும். மின்ன வேலப்பன்னு ஒருத்தர். இப்ப மரகதம். ரெண்டும் நெசம். எந்தக் கட்டத்துல போட்டாலும் ஒண்ணு பொய்யாயிரும். அதான் நான் இன்னும் ரிப்பன் வாங்கல."

அவன் குனிந்தான். அரிசித் தட்டைத் தரையில் வைத்துவிட்டான்.

"ரொம்ப நேரமாக் கெடக்குறீங்களேக்கா. குடிக்க ஏதாச்சும் வேணுமா?"

முத்தழகி ஒரு கண்ணைத் திறந்தாள். "இருந்தாக் குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவன் கையில் எதுவும் இல்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே செம்பு நிறைய மோரோடு மரகதம் மேடை ஏறிவிட்டாள்.

"நீ என்னம்மா முறை?" என்றார் உத்தண்டி.

"இந்த மனுசனைக் கட்டிக்கப் போறவ நான். அவருக்கு அக்கான்னா எனக்கு நாத்தனா. எழுதிக்கங்க." அவள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "வேலப்பன் கதைய எங்கிட்டச் சொல்ல உனக்கு இத்தன நாளா? நல்ல ஆளுய்யா நீ. வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு." சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் முட்டியது. செம்பை முத்தழகியின் வாயில் வைத்தாள்.

அவ்வளவுதான். 'நான் அத்தை முறை' என்று ஒரு கிழங்குக்காரி சொம்போடு எழுந்தாள். 'நான் பெரியப்பா முறை' என்று உரிமம் இழந்த பூட்டுக்காரர் ஒருவர் வந்தார். கருமேகத்தின் வீட்டார், சிவகாமியின் ஊரார் என்று சொல்லிக்கொண்டு நூறு பேர் வந்தார்கள். மஞ்சளும் நீலமும் நாற்காலிகளுக்கு அடியில் விழுந்து கிடந்தன. ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர். நாற்பதாவது ஆளுக்கு முத்தழகி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்: "போதும் சாமிகளா, பாம்பு கொல்லல, நீங்க கொன்னுருவீங்க போலிருக்கே!" உத்தண்டி சாவு அடி அடிக்கவில்லை. கல்யாண அடி அடித்தார்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் பதிவேட்டில் ஏற்ற ஒன்பது நாள் ஆயிற்று. குடும்பத்துக்கு என்ன நிறம் என்ற இடத்தில் தணிகாசலம் எதையும் எழுதவில்லை. மூலச்சட்டப்படி பதிவேட்டைத் திருத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது. உறவு சொல்லி ஏறிய பூட்டுக்காரர்கள், அந்தப் பதிவையே உரிமமாகக் காட்டிக்கொண்டு நேரே களஞ்சியத்துக்குப் போனார்கள். பூட்டு திறந்தது. அன்றைக்கு ஊர் முழுக்க சோறு வடிக்கும் வாசனை அடித்தது. ரிப்பன் ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் அதை நினைவு வைத்துக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று. தணிகாசலமும் மரகதமும் ஆடிப்பெருக்கன்று கல்யாணம் செய்துகொண்டார்கள். வேலப்பன் அயலூரிலிருந்து ஒரு குடை அனுப்பியிருந்தார்.

அமைச்சர் குலோத்துங்க பூபதி பதிவேட்டின் தடிமனைப் பார்த்தார். வாக்காளர் பட்டியலின் தடிமனையும் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை நாடகம் தொடங்குவதற்கு முன்பே அவர் வெள்ளிச் செம்பில் தண்ணீரோடு, பின்னால் புகைப்படக்காரரோடு, மேடைப் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன முறை?" என்றார் உத்தண்டி.

"தாய்மாமன் முறை" என்றார் அமைச்சர் கம்பீரமாக. "இவள் பிறந்ததிலிருந்தே நான் இவள் பக்கம்தான்."

உத்தண்டி மத்தளத்திலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டி, ஆற்றங்கரை வரை நின்ற கூட்டத்தைக் காட்டினார்.

"வரிசையில வாங்க மாமா. இங்க எல்லாரும் சொந்தக்காரங்கதான்."