வெண்டல் க்ரூகர் உயிரை விட்டார்

"யாரும்மா இந்தச் செய்தியைப் போட்டது? என் புருஷன் எதிர்ல உக்காந்து டோனட் தின்னுக்கிட்டிருக்காரு!"

தொலைபேசியில் பொரிந்து தள்ளியவள், அந்த ஒஹையோ ஊரின் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் வெண்டல் க்ரூகரின் மனைவி.

லொரெய்ன் திரையைப் பார்த்தாள். உள்ளூர்த் தொலைக்காட்சியின் செய்தித் தளத்துக்கு எழுதவும் திருத்தவும் இருந்த ஒரே ஆள் அவள்தான். 'க்ரூகர் வேலையை விட்டார்' என்று அடித்ததாகத்தான் நினைவு. 'உயிரை விட்டார்' என்றிருந்தது.

அவசரமாக, 'க்ரூகர் உயிரோடு இருக்கிறார்' என்று மாற்றினாள்.

"ஐயோ, எந்த ஆஸ்பத்திரியில?" என்று ஊரே கேட்டது.

அதையும் அழித்துவிட்டு, 'க்ரூகர் இறக்கவில்லை. வருந்துகிறோம்' என்று போட்டாள்.

மறுபடி அந்த அம்மாள். "சாகலைன்னு உங்களுக்கு அவ்வளவு வருத்தமா?"

மேலாளர் ப்ராக்டர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "லொரெய்ன், கலக்கிட்டே!"

"மானம் போகுது ப்ராக்டர். எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"தொட்டே, தொலைஞ்சே! நம்ம தளம் லாபம் பார்த்ததே இன்னிக்குத்தான். சவப்பெட்டிக் கடைக்காரன் விளம்பரம் வேணும்னு காலைலேர்ந்து நச்சரிக்கறான்."

"குடிதண்ணில ஈயம் கலக்குதுன்னு நாயா அலைஞ்சு எழுதினேனே, அது?"

"அதைப் படிச்சது ரெண்டே பேரு. நீயும் உங்கம்மாவும்."

"அம்மா படிக்கலை. நல்லா இருக்குன்னு சும்மா சொன்னாங்க."

ஒரு வாக்கியத்தை நேராக நிறுத்த மணிக்கணக்கில் மல்லாடியதெல்லாம் யாருக்காக? இனி இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. போவதற்கு முன் அந்த மனிதரிடம் மன்னிப்பாவது கேட்டுவிடலாமென்று காரைக் கிளப்பினாள்.

க்ரூகர் வீட்டு வாசலில் மலர்வளையங்கள். துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த மக்ரோனிப் பாத்திரங்கள் வேறு. கதவைத் திறந்த க்ரூகரின் மீசையில் சர்க்கரைத் தூள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் அந்தச் செய்தியை எழுதினவ." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

க்ரூகர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ எதுக்கும்மா அழறே? ப்ராக்டர் எங்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டுத்தானே அதை மாத்தினாரு... ஆமா, நாளைக்கு உன்னைச் சாகடிக்கப் போறதாச் சொன்னாரே, உங்கிட்ட கேக்கலியா?"