பொழுது சாய்ந்தால் வெளுத்துவிடும் கேமரா

தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அம்மா ஞாபகம் வந்தால், நேரில் வரமாட்டார்கள். ஏதாவது மெஷின் அனுப்புவார்கள். என் மகன் சேகர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன முதல் வருஷம் ரைஸ் குக்கர் வந்தது. அடுத்த வருஷம் கம்பளம் சுத்தம் செய்கிற மெஷின் (என் வீட்டில் கம்பளமே கிடையாது). அப்புறம் ஒருநாள், நான் இருக்கிற ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் கேஸ் தோங்கும் (சிலிண்டரைத்தான் சொல்கிறேன்) செருப்பும் களவு போகிறது என்று போனில் சொன்னேன். பதறிப்போய் வருவான் என்று நினைத்தேன். கேமரா வந்தது.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எங்கள் தெருவில் கேமரா வைத்திருந்தவர் ஒரு நகைக்கடைக்காரர். அடுத்தது, களவு போக ஒன்றுமில்லாத நான். அந்த நகைக்கடைக்காரரே ஆள் அனுப்பி அதைப் போர்ச்சில் மாட்டி, டிவிக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். பட்டனை அமுக்கினால் கறுப்பு வெள்ளையில் கேட் தெரியும். பகலில் குறையே இல்லை. இருட்டி, போர்ச் லைட்டைப் போட்டேனோ இல்லையோ, எல்லாம் வெளுத்துவிடும். கஞ்சிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

சேகருக்குச் சொன்னேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசுகிறவன், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தானே கூப்பிட ஆரம்பித்தான். சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள் என்பான். மறுநாள் லைட்டைத் தள்ளி மாட்டச் சொல்வான். அதற்கும் மறுநாள் வயர். எல்லாவற்றையும் செய்தேன் (அவசரப்படாமல், ஒரு நாளைக்கு ஒன்று). நடுவில் சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்று நுழைப்பேன். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கேமராவுக்கே போய்விடுவான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மறுநாள் சாயங்காலம்வரை ஓட்டுவேன்.

"கண்ணாடியத் தொடைச்சீங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை தவறாம தொடைக்கிறேன்லா."

அது சத்தியமான வார்த்தை.

ஒருநாள் அவன் கூப்பிடும் நேரம் தாண்டியும் போன் வரவில்லை. மனசு கேட்காமல் கெம்போங் மீன் கழுவிக்கொண்டே டிவியைப் பார்த்தேன். கஞ்சிக்குள் ஒரு வெள்ளை உருவம் நின்றது. முதுகில் மூட்டை. கேட்டுக்குள் கையை விட்டு, மேலே தூக்கி இடது பக்கம் தள்ளினால்தான் திறக்கிற என் தாழ்ப்பாளை ஒரே தள்ளில் திறந்தது. வெளி ஆளுக்கு அந்த வித்தை எப்படித் தெரியும் என்று புத்தியுள்ளவள் யோசித்திருப்பாள். நான் பின்பக்கம் ஓடி, பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துணி காயப்போடும் மூங்கிலோடு வந்து, கதவுக்குப் பின்னால் என்னை முன்னே விட்டு நின்றார்.

"நீங்க ஊத்துங்க தங்கச்சி, நா குத்துறேன்."

கதவைத் திறந்து, மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு வீசினேன். வாளியும் கையை விட்டுப் போனது.

தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு ஒரு குரல்.

"கெம்போங் மீனாம்மா?"

மாணிக்கம் அண்ணன் மூங்கிலை மெதுவாகச் சுவரில் சாத்திவிட்டு, தான் அந்தப் பக்கம் வரவே இல்லை என்பதுபோல நடந்து போனார்.

சேகர்தான். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று லீவு போட்டு, சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறான். குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறினான். கேமராவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இதுக்கு யாரும்மா பட்டை போட்டது?"

புது மெஷின் எது வந்தாலும் விபூதி குழைத்துப் பூசாமல் இருக்க முடியுமா? குக்கருக்கும் பூசினேன், அது பாட்டுக்கு நன்றாகத்தானே வேகவைக்கிறது? கேமராவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைத் துடைப்பேன். துடைத்த கையோடு மூன்று விரலால் புதுப் பட்டை. பகல் வெளிச்சத்தில் அது தெரியாதாம். ராத்திரி லைட் அந்த விபூதியில் பட்டுத்தான் படமெல்லாம் வெளுக்கிறதாம்.

"தொடைச்சேன்னு சொன்னீங்க?"

"தொடைச்சதைத்தான் கேட்ட. பூசுனதக் கேட்டியா?"

சிரித்துச் சிரித்து நாற்காலியே ஆடியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. துணியால் ஒரே துடைப்பு, முடிந்தது. இரண்டு நாள் இருந்து, மூன்று வேளையும் மீன் குழம்பு தின்றுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ராத்திரியிலும் கேட் பளிச்சென்று தெரிந்தது. கேட் மட்டும். போன் பழையபடி வாயை மூடிக்கொண்டது. குறையே இல்லாத கேமராவைப் பற்றி அவன் எதற்குப் பேசப் போகிறான்? நான்தான் பொறுக்க மாட்டாமல் கூப்பிட்டு, படம் மறுபடி சரியில்லை என்றேன்.

"பட்டை போட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டு தெரியுதா?"

"தெரியுது."

"ரோடு?"

"அதுவும் தெரியுது."

"அப்புறம் என்னதாம்மா தெரியல?"

மார்க்கெட்டில் கெம்போங் மீன் மலிவாக வருகிறது என்றேன். அந்த மாசக் கடைசியில் வந்து நின்றான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் வரச்சொல்லி அழைப்பதில்லை. படம் சரியில்லை என்றால் போதும். பேரப்பிள்ளைகளும் இதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் சேகரே கூப்பிட்டான்.

"அம்மா, இங்க படம் ரொம்ப வெளுக்குதுலா."

அவன் வீட்டில் கேமராவே கிடையாது. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.