பாகற்காய் பாயும் வடக்கே போன பிணமும்

அந்தமானில் உள்ள அத்தனை தீவுகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பாகற்காய் பாயிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிய மனிதன் அகப்பட மாட்டான். அகப்பட்டால் அவன் பிணமாகத்தான் இருப்பான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிணமே நான்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அவருக்கு அவருடைய அத்தா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆதார் அட்டையைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். போர்ட் பிளேரில், எங்கள் லம்பா லைனில், வெள்ளை டாக்சி ஒன்றை நிறுத்திக்கொண்டு அதன் மீது சாய்ந்தபடி உலகத்தைத் திட்டுவார். உலகம் கிடைக்காத நேரத்தில் என்னைத் திட்டுவார்.

மெயின்லேண்டிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று விமானம் விட்டு இறங்கி, "அங்கிள், இங்க பார்க்க வேண்டிய இடம் எது?" என்று ஆசையாகக் கேட்டது.

"ஏர்போர்ட்டு. திரும்பிப் போறப்பதான் நல்லாப் பார்ப்பீக" என்றார்.

வண்டூர் போகிற வழியில் ஒருவர் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "உப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வண்டூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. இன்னொரு கும்பல் காட்டுக்குள் ஆதிவாசிகளைக் காட்டச் சொன்னது. வண்டியை ஓரங்கட்டினார். "அவுக உங்களையப் பார்க்கணும்னு கேட்டாகளா? இறங்குங்க" என்றார். இறங்கினார்கள். அதிலிருந்த பெரிய மனிதர் ஒருவர் புகார் கொடுப்பேன் என்று குதித்தார். எழுதத் தோதாக இருக்கட்டும் என்று பாயே தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

இப்படிப்பட்ட ஆளின் வண்டியில்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான நாள் ஓடியது.

என் அக்கா ரோஸ்மேரி, வடக்குக் கோடியில் திக்லிபூரில் வாழ்க்கைப்பட்டவள். சில நாட்களாக அவளுக்கு நெஞ்சு வலி. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டில் குலுக்கிக்கொண்டு போனால் தாங்க மாட்டாள் என்று ஹெலிகாப்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதல் நாள் மழை. மறுநாள் மேகம். அதற்கு மறுநாள் இரண்டும் சேர்ந்து வந்தன. எங்கள் மழையைப் படம் பிடித்துப் போட்டு ரசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரசிக்கட்டும். எனக்கு அந்த மழையைக் கண்டால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விடியும்போது அத்தான் போன் செய்தார். "மாப்ள, அக்கா போயிட்டா. இங்க ஐஸ் பெட்டிக்கு வழியில்ல. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிரணும்ங்காங்க. முகத்தப் பாக்க வந்துருவேல்லா?"

ஓடிப்போய் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று ஒரு நப்பாசை.

"அழுதுக்கிட்டே நிக்காம ஏறித் தொலை. செருப்ப எங்க? அதையும் நானே எடுத்துத் தரணுமா?"

ஜிர்க்காடாங் சோதனைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் கான்வாய் போய்விட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கிருந்து சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. நினைத்த நேரத்தில் போக முடியாது. எல்லா வண்டிகளும் சேர்ந்து வரிசையாக, முன்னும் பின்னும் போலீஸ் வர, கல்யாண ஊர்வலம் போலத்தான் போக வேண்டும். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது. அடுத்த கான்வாயில் பஸ்களுக்கும் டூரிஸ்ட் வண்டிகளுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

"பாய், கொஞ்சம் முந்தப் பாருங்களேன்" என்றேன்.

பாய் முன்னால் போகிற பஸ்ஸின் வாலைப் பிடித்தபடியே ஓட்டினார். காடு முடிகிறவரை ஒரு வசவு கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. கடைசி வளைவு தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்தவன் வீட்டு முத்தத்துல குறுக்க புகுந்து போறோம். இதுல முந்தணுமாம். மடையன்."

காடு முடிகிற இடத்தில் கடல் குறுக்கே வரும். வண்டிகளையெல்லாம் படகில் ஏற்றிப் பாராடாங்குக்குக் கொண்டுபோக வேண்டும். படகில் ஏறுவது இரண்டு மூன்று பஸ்களும் மிச்ச இடத்தில் சில சின்ன வண்டிகளும்தான். எங்களுக்கு முன்னால் வரிசை பாம்பாகக் கிடந்தது. பொழுது உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே தவறினால் அக்கா முகத்தைப் பார்ப்பது நடக்காது.

"பாய், பேஷண்ட் இருந்தா முதல்ல விடுவாங்கல்ல? எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே வலி வந்துவிடும் போலிருந்தது.

"பேஷண்ட் எவன்டா வடக்க போறான்? பெரிய ஆஸ்பத்திரி தெக்க இருக்கு. பேஷண்டுன்னா தெக்க போவான். வடக்க போறது ஒண்ணே ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தார். ஜும்மா தொழுகைக்குக் கட்டுவதற்காக மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்தார்.

"படு."

"பாய்!"

"அக்கா முகத்தப் பார்க்கணுமா வேணாமா? படுடா."

பின் சீட்டில் என்னைக் கிடத்தினார். கைக்குட்டையால் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். வேட்டியால் முகத்தையும் சேர்த்து மூடினார். பாதங்களை மட்டும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, வெளியே விட்டார். செய்த நேர்த்தியைப் பார்த்தால் இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

வண்டி வரிசையை விட்டு விலகி முன்னால் போனது. படகுத்துறையில் வண்டிகளை ஏற்றிவிடுகிற வங்காளத்துப் பெரியவர் ஜன்னலில் தட்டினார். யார் என்று இந்தியில் கேட்டார்.

"பாய் ஹை மேரா" என்றார் பாகற்காய். என் தம்பி என்று அர்த்தம்.

பெரியவர் மெதுவாகப் பேப்பர் ஏதும் இருக்கிறதா என்றார். அவ்வளவுதான். செத்தவனிடம் பேப்பர் கேட்கிறாயா, இனிமேல் சாகிறவன் எல்லாம் போட்டோ ஒட்டிக்கொண்டுதான் சாக வேண்டுமா என்று பாய் பிடித்த பிடியில், எனக்கே எழுந்து சமாதானம் பண்ணலாமா என்று தோன்றியது. படகில் முதல் வண்டியாக ஏறினோம்.

படகு நகர்ந்ததும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். செத்தவன் எப்படிப்பட்டவன் என்று யாரோ கேட்டார்கள். பாயின் குரல் வேறு மாதிரி வந்தது.

"பஹுத் அச்சா ஆத்மி தா. ரொம்ப நல்லவன். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, வீட்டுல ஆள் இல்லன்னு, தெனமும் கஞ்சி கொண்டாந்து குடுத்தான். நான் திட்டுனேன். மறுநாளும் கொண்டாந்தான்."

அந்தக் கஞ்சியை நான் மறந்தே போயிருந்தேன். கஞ்சியில் உப்பில்லை என்று கிண்ணத்தைத் தள்ளியவர் அவர்.

அப்போது ஒரு பெண் குரல், தமிழில், "போற வயசா ராசா இது? உன்னப் பெத்தவ எப்படித் தாங்குவா?" என்று ஒப்பாரி எடுத்தது. பாராடாங் கோயிலுக்கு எடுத்துப்போன செவ்வந்திச் சரத்தை என் நெஞ்சின் மேல் வைத்தாள் அந்த அம்மாள். விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் உடைந்தது. வேட்டிக்குள் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"ஐயோ, துணி ஆடுதே!" என்றாள் அந்த அம்மாள்.

"படகு இன்ஜின் ஆட்டம்மா அது. தள்ளி நில்லுங்க" என்றார் பாய். அவர் குரலும் ஆடியது. அதற்கும் இன்ஜின்தான் காரணம் போலிருக்கிறது.

கரையேறியதும் கட்டை அவிழ்த்தார். கதம்தலா, ரங்கத், மாயாபந்தர் என்று சாலை குண்டும் குழியுமாக நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வசவு என்று அவர் கணக்குத் தீர்த்துக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஒரு தடவை கேட்டேன்.

"பாய், நான் நெசமாவே அவ்வளவு நல்லவனா?"

"பொணத்தப் பத்தி எவன்டா உண்மை பேசுவான்? ரோட்டப் பாரு."

திக்லிபூர் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் இறங்கியபோது பெட்டியை மூடிவிட்டார்கள். ஒருவன் சுத்தியலை ஓங்கியிருந்தான். நான் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பாய்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிலுவைகளுக்கு நடுவில் ஓடினார்.

"ஏய்! ஆணிய கீழ வைடா! கூடப்பொறந்தவன் வாரான், கண்ணு தெரியல?"

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த சாமியாரே பாதியில் நிறுத்திவிட்டார். பெட்டியைத் திறந்தார்கள்.

தூங்குகிற மாதிரி இருந்தாள் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அக்கா அப்படி இல்லை. வருகிறேன் என்று சொல்லி வராத ஒன்றுக்காகப் படுத்தபடியே காத்திருந்து அலுத்துப்போனவள் மாதிரி இருந்தாள். உயிரோடு தெற்கே வர அவளுக்கு வழி கிடைக்கவில்லை. பிணமாக வடக்கே போக எனக்குக் கிடைத்தது. எனக்கு வைத்த செவ்வந்திச் சரத்தை அவள் கையில் வைத்தேன். பாய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, அண்ணாந்து, மேகத்தை வாய்க்குள்ளேயே திட்டினார். அன்றைக்குப் பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது.

காரியங்கள் முடிந்து திரும்பினோம். பாராடாங் தாண்டி, இக்கரையில் படகிலிருந்து இறங்கும்போது, அதே வங்காளத்துப் பெரியவர். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஜன்னலருகே வந்து, செத்தது யார் என்று கேட்டார்.

"தீதி" என்றேன். அக்கா.

என் தோளில் கை வைத்தார். அன்றைக்குக் கால் விரல் ஆடிக்கொண்டே இருந்தது என்று இந்தியில் சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

"தெரிஞ்சே விட்டிருக்கான் பாரு, களவாணிப்பய" என்று முனகிய பாய், காட்டுப்பாதை கான்வாய்க்காகக் காத்திருந்த வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். வெயில் கொளுத்தியது. முன்னால் போக வழியில்லையா என்று கேட்டேன்.

"உசுரோடதான இருக்கே? லைன்ல நில்லு" என்றார்.

இப்போதும் அக்காவின் நினைவு நாளுக்கு வடக்கே போவதென்றால் அவரைத்தான் கூப்பிடுகிறேன். ஏசி வண்டி வைத்திருக்கிறவர்கள், இனிமையாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் எனக்கு அழ வராது.