இவர் அந்த மாமா இல்லை

தனியாக இருப்பவர்களுக்குப் பொதுச்சேவை என்றால் ஒரு சபலம் உண்டு. மனிதாபிமானம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று தெரியாததுதான் உண்மையான காரணம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருத்தணியில் அறிவியல் டீச்சர். ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, வயது முப்பத்தைந்து. (ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்கள் வரிசையில் வரவும்.) காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் நலக் குழு முன்னால் பேசத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கினேன். அமுலு கிடைத்தாள். ஒன்பது வயது. அம்மா இல்லை, அப்பா போன இடம் தெரியாது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் தாய்மாமா அவளைத் தன்னிடம் அனுப்பும்படி கேட்டிருந்தார். அவர் வீட்டை நேரில் பார்த்து, பிள்ளையின் மனதையும் அறிந்து குழுவிடம் சொல்ல வேண்டியது என் வேலை.

போனேன். மாமாவுக்குப் பிடரிவரை முடி, முகத்தில் பாதிக்கு மீசை. அவர் மனைவி டீ கொடுத்தார். நல்ல மனிதர்கள். "கண்டிப்பா உங்களுக்காகப் பேசறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமாவிடம்தான் போவேன் என்று அமுலுவும் சொன்னாள். எனக்குள் சுருக்கென்றது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் கேரம் ஆடி என்னைத் தோற்கடித்தவள் அவள். வாரத்தில் நான் சிரிக்கிற நாள் அது ஒன்றுதான்.

குழு காப்பகத்துக்கே வந்து அமர்ந்தது. வேறு யாராவது பிள்ளையைக் கூட்டிப்போய்விடக் கூடாது, ஆளை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தலைவி முன்பே எச்சரித்திருந்தார். உள்ளே வந்த ஆளுக்குத் தலை வழவழவென்று இருந்தது. அதன்மேல் சந்தனம். மீசையும் இல்லை.

"இவர்தானா நீங்க பார்த்த மாமா?"

எழுந்து நின்றேன். "இல்லைங்க மேடம். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை."

"அய்யய்ய, டீச்சரம்மா! நான்தாங்க! ஊட்டாண்ட வந்து டீ குடிச்சீங்களே!"

"டீ குடிச்சதை யார் வேணாலும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்றேன். (வக்கீல் தோரணை வேறு.) குழந்தைக் கடத்தல் பற்றி ஐந்து நிமிடம் முழங்கினேன். அவர் நீட்டிய ரேஷன் கார்டு போட்டோவில் மீசை இருந்தது. அதையும் என் கட்சிக்குச் சாட்சியாக்கினேன். முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கத் தலைவி பேனாவை எடுத்தார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக அமுலுவை அழைத்தார்கள். ஓடி வந்தவள் அவர் தலையைத் தடவிச் சிரித்தாள். "இன்னா மாமா, முருகனுக்குக் குடுத்துட்டியா?"

"ஆங். நீ வந்தா மொட்டை போடறேன்னு வேண்டிகினேன். டீச்சரம்மா பேசறேன்னு சொல்லிட்டாங்க, அப்பால கிடைக்காம எங்க போவும்? அதான் காலைலயே மலைக்குப் போய் முன்னாடியே அடிச்சிகினு வந்துட்டேன்."

அறையே சிரித்தது. நான் பூமி பிளக்கக் காத்திருந்தேன். தினமும் நூறு மொட்டைகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறவள் நான். இந்த ஒரு மொட்டையை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனம் வரவில்லையா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவள் போய்விட்டால் எனக்கு யாருமில்லை என்று பயந்தேன். அது மட்டும் நிஜம்.

அன்றே உத்தரவு ஆனது. மாமாவோடு ஊருக்குப் போக ஆர்.கே.பேட்டை பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து அமுலு கையாட்டினாள். அடுத்த ஞாயிறு, பழக்கதோஷத்தில் காப்பக வாசல்வரை போய்விட்டு, வாட்ச்மேனிடம் மணி கேட்டுக்கொண்டு திரும்பினேன். (கையில் வாட்ச் கட்டியிருந்தேன்.)

அந்த வீட்டு விசேஷங்களில் இன்றும் நான்தான் வேடிக்கை. மாமா தலை நிறைய முடியோடு வந்து நின்று, "டீச்சரம்மா, நான் நான்தானா, பாத்து சொல்லுங்க" என்பார். பந்தியே சிரிக்கும். அமுலுவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாதம் ஒருமுறை போன் செய்வாள்.

"டீச்சர், நான் அமுலுதான். நம்புறீங்களா?"

"நம்ப முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் பேசு, பார்க்கலாம்" என்பேன்.