ஜரிகையில் எர்த் கொடுத்தவன்

"எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தெரிந்த ஆண்பிள்ளைகள் எங்கள் ஆரணியிலும் உண்டு. நான் அந்த வகையில் சேர்த்தி இல்லை. தெரிந்த வேலையைச் செய்ய எனக்குக் கை நடுங்கும். தெரியாத வேலை என்றால் திருப்புளியோடு முதல் ஆளாக நிற்பேன். இந்தக் குணத்தால் ஒருமுறை என் கல்யாணமே ஒரு பிளக் பாயிண்டில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. அப்பா வீட்டிலேயே பட்டுத்தறி நெய்பவர். நான் ஜவுளிக்கடைக்குச் சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பவன். சென்னையில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கிவந்து கூடத்தில் வைத்திருந்தேன். கனத்த இரும்புப் பெட்டி. வந்த நாளிலிருந்து அது பாட்டோடு சேர்த்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலையும் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊறுவதுபோல் கூசும். ஆனால் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும்.

எங்கள் வீட்டு வயரிங் பழசு. பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தாலும், எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. இதை நானே கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தேன் (இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான், குறித்துக்கொள்ளுங்கள்). அதோடு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக் கம்பி போட்டால் சத்தம் சுத்தமாக வரும் என்று யாரோ ஒரு மகான் இணையத்தில் எழுதியிருந்தார். ஆரணியில் வெள்ளிக்கா பஞ்சம்? அப்பா சேலையில் நெய்கிற வெள்ளி ஜரிகையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தேன். இருபது இழையைச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையை எர்த் திருகிலும் மறுமுனையைப் பக்கத்து ஜன்னல் கம்பியிலும் கட்டினேன். ஜன்னல் சுவரில் இருக்கிறது, சுவர் பூமியில் நிற்கிறது, ஆகவே எர்த் ஆயிற்று என்பது என் விஞ்ஞானம். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. காணாமல்போன ஜரிகைக்காக அப்பா ஒரு வாரம் பூனையைத் திட்டினார்.

இந்த லட்சணத்தில்தான் கலசப்பாக்கத்திலிருந்து பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பவித்ராவை ஒரு கல்யாணத்தில் பார்த்து, இரண்டு மாதம் போனில் பேசி, கட்டினால் இவளைத்தான் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா லோகநாயகி, கணவர் விட்டுப்போன மைக்செட் கடையைத் தனியாளாக நடத்துபவர். திருவிழாவோ கட்சிக் கூட்டமோ, அந்தப் பக்கத்தில் அவருடைய செட்தான் பேசும். "அம்மா சரின்னாதான் நானும் சரி" என்று பவித்ரா சொல்லிவிட்டாள். நான் ஒரு திட்டம் போட்டேன். குழாய் ஸ்பீக்கரோடு காலம் தள்ளுகிற அந்த அம்மாவுக்கு உண்மையான சத்தம் என்றால் என்ன என்று காட்டிவிடுவது. (இப்படி நினைத்தவனை அடிக்கத் தோன்றினால் எனக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.)

லோகநாயகி அம்மாவும் அவருடைய அண்ணனும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நாதஸ்வரத்தைப் போட்டேன். ஒத்து ஊதுகிறவர் சொல்லாமல் வந்து சேர்ந்ததுபோல் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த அம்மா தலையை லேசாகச் சாய்த்தார். பயந்துபோய் வலது கையைப் பெட்டிமேல் வைத்தேன். இரைச்சல் நின்றது. அதற்குப் பிறகு என்னால் கையை எடுக்க முடியவில்லை.

வெறும் காலோடு சிமெண்டுத் தரையில் நின்றதால் கூச்சம் முழங்கை வரை ஏறியது. சிரித்துக்கொண்டே நின்றேன். வணக்கம் ஒற்றைக் கையால் ஆயிற்று. காபியை இடது கையால் வாங்கினேன். என் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், இங்க வந்து உக்காருடா" என்றார். "பரவால்லம்மா, நின்னுகினே இருக்கேன்" என்றேன்.

"தம்பிக்கு வலது கையில எதுனா தொந்தரவுங்களா?" என்று அண்ணன்காரர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அம்மா. இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, குரலில் தெரிந்தது.

பிறகு அண்ணன்காரர் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்க வேண்டிய தட்டு. நான் அதை இடது கையால் வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்திருக்கலாமே என்று இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். செய்திருக்கலாம். ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"லோகு, கெளம்பு" என்று அண்ணன்காரர் எழுந்தார். டிரைவரைக் கூப்பிட ஜன்னல் பக்கம் போனார். பஜ்ஜி சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையால் கம்பியைப் பிடித்தார். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஜன்னல்ல கரண்ட் வருது. இன்னா வீடு இது, பேஜாரா கீது. இந்த சம்மந்தமே வேணாம், வா போலாம்."

நான் பதறிக் கையை எடுத்தேன். அடக்கி வைத்திருந்த இரைச்சல் முழுதாகக் கிளம்பியது. பவித்ரா எனக்கு இல்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

"சும்மா இருண்ணே" என்றார் லோகநாயகி அம்மா. "பொண்ணு குடுக்கறதா வேணாமான்னு அப்பால பாத்துக்கலாம். மெயின் எங்க கீதுங்க?"

அடுத்த கால் மணி நேரம் நான் பார்த்தது போன்ற வேலையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதலில் வளையல்களையும் கடிகாரத்தையும் கழற்றி அண்ணனிடம் கொடுத்தார். "செருப்பு போட்டுக்கறேங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி, வாசலிலிருந்து ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். தறி இருக்கிற வீட்டில் செருப்பா என்று கேபிள்காரரையே வெளியில் நிறுத்துகிற என் அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் ஒரு காதுகுத்துக்கு மைக்செட் கட்டப் போக வேண்டியிருந்ததால் வண்டியில் சாமான் இருந்தது. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், கூட ஒரு டெஸ்டர். டெஸ்டரை ஜன்னலில் வைத்தார், எரிந்தது. என் ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி மறுபடி வைத்தார், எரியவில்லை; கசிவு பெட்டியிலிருந்துதான். பல்பின் வயர்களைக் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் விட்டார், பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை மேல் ஓட்டைக்கு மாற்றினார், செத்துக் கிடந்தது; எர்த் இல்லை. நான் ஒரு வருடமாக ஸ்பீக்கரை மாற்றி, வயரை மாற்றி, பெட்டியின் திசையை மாற்றி அலைந்த விஷயத்தை அவர் நாலு தடவை கையை நகர்த்தி முடித்துவிட்டார். மெயினை அணைத்தபிறகும் அதை நம்பாமல் மறுபடி பல்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான், பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து திருகைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து ஜரிகை மின்னிக்கொண்டு வந்தது.

"இது என் ஜரிகை" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

"யாரு பண்ண வேலை இது?" என்று கேட்டார் லோகநாயகி அம்மா.

"யாரோ ஒரு எலக்ட்ரீசியன் வந்தாங்க" என்று அம்மா ஆரம்பித்தார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். ஆனால் இத்தனை சுத்தமாக வேலை செய்கிற ஒருவர் முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தாங்க பண்ணேன்."

"கைய வச்சிகினு நின்னியே, கூசல?"

"கூசுச்சுங்க."

"எவ்ளோ நேரமா?"

"நீங்க வந்ததுலேர்ந்துங்க."

அவர் அப்பாவிடம் ஜரிகையைக் கொடுத்து, "நல்ல வெள்ளி ஜரிகைங்க, அதான் கரண்ட் போவுது" என்றார். கடைசியாக என் அம்மாவிடம் திரும்பினார். "கிரைண்டர்ல மாவு தள்றப்போ உங்களுக்குக் கை கூசுமா?"

"அப்பப்போ கூசும். பழகிடுச்சுங்க."

"இது பழகிக்கற விஷயம் இல்லீங்க. உங்களுக்கும் வேணாம், நாளைக்கு வர்ற பொண்ணுக்கும் வேணாம்."

அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. ஒரு பெட்டியின் இரைச்சலுக்கு ஒரு வருடம் வைத்தியம் பார்த்தவன், பெற்ற தாயின் கையைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வந்து ஒரு மணி நேரமே ஆன பெண்மணி கேட்டுவிட்டார்.

"வீடு முழுக்க எர்த் போட்டுட்டுக் கூப்புடுங்க. நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தட்டைத் திருப்பி எடுக்கப்போன அண்ணனை, "இருக்கட்டும்ணே" என்று தடுத்தார். அந்தத் தட்டை நம்பித்தான் அடுத்த பதினைந்து நாள் நான் உயிரோடு இருந்தேன்.

இந்த முறை முறையான எலக்ட்ரீசியன் வந்தார். பின்பக்கம் குழி தோண்டியது மட்டும் நான். கரியும் உப்பும் போட்டு, எல்லா பாயிண்டுக்கும் மூன்றாவது வயர் இழுத்து, மெயின் பக்கத்தில் புதிதாக ஒரு பிரேக்கரும் வைத்தார்கள். எலக்ட்ரீசியன் அதைப் பற்றி ஏதோ விளக்கினார். நான் தலையாட்டினேன் (திருந்துவதற்கு நாள் ஆகும்).

லோகநாயகி அம்மா அதே பல்போடு வந்தார். கீழ் ஓட்டைகளில் விட்டார், எரிந்தது. ஒரு வயரை மேல் ஓட்டைக்கு மாற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம். பல்பு எரியவில்லை. ஃபேன் நின்றது, சமையலறை விளக்கு போனது, வீடே அடங்கியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதப் போன் பேச்சு, பதினைந்து நாள் குழி, எல்லாம் போயிற்று.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"விழுணும் தம்பி. கரண்டு போகக்கூடாத வழியில போனா பிரேக்கர் இப்டித்தான் விழுணும். அப்பதான் வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாது." வியர்வையைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "தேதி பாருங்க."

தேதி பார்த்தார்கள். கல்யாணத்துக்கு மைக்செட் மாமியாருடையதுதான். குழாய் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் இல்லை, நாதஸ்வரம் தெருமுனை வரை தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் திடீரென்று கரண்ட் போனால் யாரும் சலித்துக்கொள்வதில்லை. இருட்டில் யாராவது ஒருவர் "தேதி பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் அது அப்பாதான்.