கொஞ்சம் ஏத்தி வை

மணி அடித்தால் எழுந்துபோய் மணியை அடக்குகிற மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள், பந்தியில் கடைசி ஆளாக உட்காருவார்கள். ஆபத்து வருகிறது என்று யாராவது சொன்னால் மட்டும், ஆபத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, சொன்னவரைத் திருத்தக் கிளம்பிவிடுவார்கள்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ரத்தினசாமி அண்ணாச்சியைப் பாருங்கள். போன சீசனில் கரண்ட் திடீரென்று கூடி, மெஷினின் மூளையான போர்டு கருகிப்போனது. அதனால் இந்த வருஷம் அவரே போர்டு சர்வீஸ் கடைக்குப் போனார். "கரண்ட் கூடுனா முன்கூட்டியே சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு தாயி" என்று சினேகாவிடம் கேட்டார்.

சினேகா தாயில்பட்டிப் பெண். அப்பா நாகையா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். மகள் டிப்ளமோ முடித்து அந்தக் கடையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் தானாக யோசித்துச் செய்த முதல் பெட்டி இதுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட். வோல்டேஜ் இருநூற்றைம்பது வரை வாயைத் திறக்காது. அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும், ரிலே என்கிற சுவிட்ச், மெஷினுக்குப் போகிற கரண்டை வெட்டிவிடும். எந்த எண்ணில் விழிப்பது என்பதை ஒரு குட்டித் திருகு தீர்மானிக்கும்.

"அதென்ன இருநூத்தம்பது கணக்கு?"

"போர்டு தாங்குறது அம்புட்டுத்தான், மொதலாளி."

அண்ணாச்சிக்கு ரொம்பத் திருப்தி. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

முதல் நாள் மணி நான்கு தடவை அடித்தது. நான்கு தடவையும் மெஷின் நின்றது. காலண்டர் முருகனின் கை வேலுக்கு மஞ்சள் மை ஏறுவதற்குள் கரண்ட் போய்விட, ஒரு கட்டுத் தாள் முழுக்க வெறுங்கையோடு நின்றார் முருகன். சினேகா மீட்டரோடு வந்து பார்த்தாள்.

"மணியில தப்பு இல்ல, மொதலாளி. மெயின் பெட்டிப் பக்கம் நியூட்ரல் கம்பி எங்கயோ லூசா இருக்கு. அதான் கரண்ட் ஏறி இறங்குது. அரை நாள் மெஷினை நிப்பாட்டுனா பாத்துரலாம்."

"சீசன்ல அரை நாளா? கொஞ்சம் ஏத்தி வை."

"எதை?"

"அந்த எண்ணைத்தான். இருநூத்தம்பத்தஞ்சுன்னு வச்சா உலகமா முங்கிப்போகும்?"

உலகம் முங்கவில்லை. ஐந்து ஏற்றினாள். மறுநாள் இன்னும் ஐந்து. மூன்றாம் நாள், "இதுக்கு மேல என் கை திருகாது மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகட்டுமே, திருகுக்கு அவள் கைதான் வேண்டுமா? அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது திரும்புகிற மட்டும் திருப்பினார். அமைதியென்றால் அப்படியொரு அமைதி.

"இப்பத்தான் கரண்ட் சீராயிருக்கு" என்றார் மத்தியானச் சாப்பாட்டில்.

"கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்தாகளா?" என்று கேட்டார் மனைவி பொன்னுத்தங்கம்.

"நாந்தான் பாத்தேன்."

கவனியுங்கள், இந்த இனத்தின் அசல் முத்திரை இதுதான். வாயை அடைப்பதோடு நிற்க மாட்டார்கள். நோய் குணமாகிவிட்டது என்று மனசார நம்பவும் செய்வார்கள்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு மெஷினிலிருந்து கருகல் வாடை வந்தது. போர்டு போய்விட்டது. மணி மூச்சுக் காட்டவில்லை. அண்ணாச்சி நேரே கடைக்காரருக்குப் போன் போட்டு, பெட்டி உதவாது, பிள்ளைக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

சினேகா வந்தபோது முகம் வெளிறியிருந்தது. பெட்டியைத் திறந்தாள்.

"முந்நூறுக்கு மேல வச்சிருக்கீகளே, மொதலாளி."

"நான் தெரியாதவன், திருப்பிட்டேன். தெரிஞ்சவ நீ, சொல்லியிருக்க வேண்டாமா?"

சினேகா மெயினை அணைத்துவிட்டு, எல்லோர் கண் முன்னாலும் மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த போல்ட் கறுத்து, விரலால் தொட்டதற்கே ஆடியது. சுரண்டித் துடைத்து, ஸ்பானர் போட்டு முறுக்கினாள். பத்து நிமிஷ வேலை. புது போர்டு டெல்லியிலிருந்து வர ஒன்பது நாள். அரை நாள் நிற்க நேரமில்லாத மெஷின் ஒன்பது நாள் சும்மா நின்றது.

"அந்தப் பிள்ள கேட்டது அரை நாளுதான?" என்றார் பொன்னுத்தங்கம், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவிவிட்டுக் கடைக்காரரை மறுபடி கூப்பிட்டார். "பெட்டியில ஒண்ணுமில்ல. தப்பு என் மேலதான். பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக." அந்த மூன்று வரி வெளியே வர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சினேகா எண்ணைப் பழையபடி இருநூற்றைம்பதில் வைத்துவிட்டுப் போனாள். மாதம் ஒன்றாகிறது, மணி அடிக்கவே இல்லை. திருந்திவிட்டார் என்கிறீர்களா? நேற்று அவளுக்குப் போன் போட்டு, "சத்தமே இல்லையே தாயி, ரிப்பேரா இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார்.

சிரியுங்கள், தப்பில்லை. போன மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரைக்கு நேரே தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இந்த லேப் சரியில்ல, வேற லேப்ல பாப்போம்" என்று அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்க்காதீர்கள், வீட்டில் கவனிக்கிறார்கள்.